வலி கண்டவள் பக்கத்தில்



துமகூரு மாவட்டத்துப் பாவகடா வட்டாரத்தில் சூலகித்தி நரசம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. 1920-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பாட்டியிடம் கற்ற கைத்திறனை வைத்துக்கொண்டு எழுபது ஆண்டுகளாகப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தவர். அதற்காகக் காசு வாங்காதவர். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் காலமானார்.

நரசம்மாவைப் போன்ற மருத்துவச்சிகள் இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று, பேறு பார்ப்பது. மற்றொன்று, இடுப்பு வலி கண்ட நேரத்திலிருந்து அந்தப் பெண்ணை விட்டு நகராமல் இருப்பது. பிள்ளை பிறந்த பிறகும் வந்து தாயைக் கவனித்துக்கொள்வது. முதல் வேலையை மருத்துவமனை எடுத்துக்கொண்டது. அது நல்லதுதான். ரத்தப்போக்கிலும் ஜன்னியிலும் போயிருக்க வேண்டிய எத்தனையோ உயிர்கள் அதனால் பிழைத்தன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் நூற்றுக்கு 97 பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் இரண்டாவது வேலை கேட்பாரற்றுப் போயிற்று. நான் பெங்களூரில் செய்துவருவது அந்த இரண்டாவது வேலையைத்தான். இப்போது அதற்கு டூலா என்று பெயர்.

டூலா மருந்து கொடுக்க மாட்டாள், உள்பரிசோதனை செய்ய மாட்டாள், மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவில் தலையிட மாட்டாள். வலி எழும்போது இடுப்பெலும்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பாள். வெந்நீர்ப் பை வைப்பாள். நடக்க வைப்பாள். சும்மா பக்கத்தில் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் குவாத்தமாலா கதையைச் சொல்வது வழக்கம். ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் என்ற இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் அவர்களுடைய சகாக்களும் அந்நாட்டு மருத்துவமனை ஒன்றில் செய்த ஆய்வு, 1980-இல் வெளிவந்தது. தனியாக வலியைத் தாங்கிய தாய்மார்களுக்கு, சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக 19.3 மணி நேரம் ஆனது. பக்கத்தில் ஒரு பெண் துணையிருந்தவர்களுக்கு 8.8 மணி நேரம். அந்தத் துணை, மருத்துவப் பயிற்சி எதுவும் பெறாத, தாய்க்கு முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண். கையைப் பிடித்தாள், முதுகைத் தேய்த்தாள், பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவே. பிறந்த பிள்ளையைத் தடவிக்கொடுப்பதும் சிரித்துப் பேசுவதும்கூடத் துணையிருந்த தாய்மார்களிடம் அதிகம் இருந்ததாம்! 2017-இல் 26 ஆய்வுகளை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் அனுபவத்தை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே திசையில்தான் விடை வந்தது: துணையிருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது.

பெங்களூரில் இந்தத் துணைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மருத்துவர் ஆங்கிலத்தில் பேசுவார், நர்ஸ் கன்னடத்தில் பேசுவார், வலியில் துடிக்கிறவளுக்குத் தமிழ் மட்டும்தான் காதில் ஏறும். "இப்ப முக்கக் கூடாதாம்மா, இன்னும் வாய் முழுசா திறக்கல, மூச்சை மட்டும் விடு" என்று அவள் மொழியில் யாராவது சொன்னால், இறுகியிருந்த தோள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

டூலாவுக்குக் கொடுக்க எல்லாரிடமும் பணம் இருக்காது. எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இதுதான். ஆனால் துணை என்பது காசு உள்ளவர்களுக்கு மட்டுமான சலுகை இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவத் துணைத் திட்டம் வந்துவிட்டது. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் பிரசவ அறையில் துணை வேண்டும் என்கிறது. கேளுங்கள். அம்மாவோ அக்காவோ அத்தையோ, தானே பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள, பதறாத ஒருத்தியாகப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிரசவம் ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் நாற்பது நாள்தான் இந்த ஊரில் பெரும்பாடு. மாரத்தஹள்ளியிலும் வைட்ஃபீல்டிலும் அடுக்குமாடியில் இருக்கும் தம்பதிகளுக்கு, மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒரு தாயார் லேகியத்தோடு வந்து இறங்குகிறார். இருக்கிற லீவு தீர்ந்ததும் கிளம்பிவிடுகிறார். அதுவரை வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? ஐந்தாம் நாள். மார்பு கல்லாகக் கட்டியிருக்கிறது, பிள்ளை வீறிடுகிறது. "பால் பத்தல, பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லு" என்கிறார் மாமியார். "எங்க வீட்ல யாருக்கும் பத்தாமப் போனதே இல்ல" என்கிறார் அம்மா. நடுவில் உட்கார்ந்து பிள்ளை பெற்றவள் அழுகிறாள்.

அங்கே முதல் காரியம் அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று இன்னும் பல வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். பூண்டுக் குழம்பும் சதகுப்பைக் கீரையும் தாராளமாகக் கொடுங்கள், தண்ணீரை மட்டும் மறுக்காதீர்கள். பிறகு வெதுவெதுப்பான துணியை ஒற்றி, கையால் கொஞ்சம் பாலை எடுத்துவிட்டால் காம்பைச் சுற்றி இளகும். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். கொட்டாவி விடுவது போல வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து அணைக்க வேண்டும். விழுங்கும் சத்தம் கேட்கும். அப்புறம் மாமியாரிடம் கேட்பேன்: "அத்தை, நேத்திலிருந்து எத்தனை தடவ ஈரமாச்சு?" "ஆறு ஏழு தடவ இருக்கும், நான்தானே துணி மாத்தறேன்." ஐந்தாம் நாளுக்கு அது போதும், பால் போய்ச் சேருகிறது. அதை நான் சொல்வதைவிட, துணி மாற்றிய மாமியார் வாயிலிருந்தே வருவதுதான் நல்லது.

முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதைத் தாண்டியும் மனம் தெளியவில்லை, பிள்ளை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை, 'நான் இல்லாவிட்டால் இது நன்றாக வளரும்' என்று தோன்றுகிறது என்றால், அதைக் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டு விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய் அது. திடீரென்று குழம்பிப் பேசுவது, யாரையும் நம்பாமல் சந்தேகப்படுவது, இல்லாத குரல் கேட்பது என்றால் அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். நம் பெங்களூரின் நிமான்ஸ் மருத்துவமனையில் 2009 முதல் இதற்கென்றே ஒரு வார்டு இருக்கிறது. தாயையும் சேயையும் பிரிக்காமல், இருவரையும் சேர்த்தே தங்கவைத்துச் சிகிச்சை தருகிறார்கள்.

உடனே எங்கும் போக முடியாதவர்களுக்கு டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 1-4-4-1-6. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். அவளால் கூப்பிட முடியாவிட்டால் கணவரோ மாமியாரோ கூப்பிட்டுக் கேட்கலாம். மீண்டும் ஒருமுறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 1-4-4-1-6.