கூடுதல் ஏ.சி.யும் தெரு டிரான்ஸ்பார்மரும்

தி.நகர் மாதிரி நெருக்கடியான இடத்தில் குறைந்த செலவில் தடையில்லாமல் மின்சாரம் கொடுப்பது எப்படி? மூன்று விஷயங்கள் சொல்றேன்.

ஒன்று, தூரம். 11,000 வோல்ட் மின்சாரத்தை உங்கள் தெரு வரைக்கும் கொண்டுவந்து, அங்கேதான் வீட்டுக்கான அழுத்தத்துக்குக் குறைக்கிறோம். கம்பியில் மின்னோட்டம் பாதியானால், வீணாகும் மின்சாரம் நாலில் ஒரு பங்காகிவிடும்.

இரண்டு, வளையம். புதைவடங்களை வளையமாக இணைத்து, இடையிடையே ஆர்.எம்.யூ. பெட்டி வைக்கிறோம். ஓரிடத்தில் பழுது வந்தால் அந்தப் பகுதியை மட்டும் விலக்கி, மறுபக்கத்திலிருந்து சப்ளை கொடுக்கலாம்.

மூன்று, கணக்கு. எல்லா வீட்டிலும் எல்லாமே ஒரே நேரத்தில் ஓடாது. அதனால் மொத்த மின்பளுவைவிடச் சிறிய டிரான்ஸ்பார்மரே போதும், செலவு மிச்சம். ஆனா கோடை ராத்திரியில் ஏ.சி. எல்லாம் சேர்ந்தே ஓடுமே! ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1.5 கிலோவாட் இழுக்கும். சொல்லாமல் மாட்டினால் எங்கள் கணக்கு தப்பும். ஃபியூஸ் போய்த் தெருவே இருட்டாகும்.

அதனால், உங்க இணைப்புக்கு அனுமதித்த மின்பளு எவ்வளவுன்னு இன்றே பாருங்க. போதாதென்றால், கூடுதல் மின்பளுவுக்குப் போனிலேயே விண்ணப்பிக்கலாம். மின்தடைப் புகாருக்கு 24 மணி நேரமும் மின்னகம்: 94987 94987.