விடுபட்டோரை எண்ணும் கலை



தாராவியில் ஒரு பகுதியில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன என்று அறிய விரும்புகிறோம் எனக் கொள்வோம். சங்கத்தார் ஒரு பட்டியல் எடுக்கின்றனர். பள்ளி ஆசிரியர்கள் தனியே வீடு வீடாகச் சென்று மற்றொன்று எடுக்கின்றனர். இரண்டிலும் காணப்படும் குடும்பங்கள் 300. சங்கத்தார் மட்டும் கண்டவை 100. ஆசிரியர்கள் மட்டும் கண்டவை 60. ஆக 460 என்று எழுதிக் கணக்கை முடித்துவிடலாமா? இரு சாராரும் காணாத குடும்பங்களும் இருக்குமன்றோ? அவற்றை எண்ணுவது எங்ஙனம்?

இத்தகைய வினாவுக்கு 1949-ஆம் ஆண்டில் விடை கூறியவர்கள் இந்திய மக்கள்தொகை அறிஞர் சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கும் ஆவர். கல்கத்தாவை அடுத்த சிங்கூர்ப் பகுதியின் பிறப்பு இறப்புக் கணக்குகளைக் கொண்டு அவர்கள் தம் முறையை விளக்கினர். ஆசிரியர்கள் கண்ட 360 குடும்பங்களில் ஆறில் ஐந்து பங்கைச் சங்கத்தாரும் கண்டுள்ளனர். ஆசிரியர்கள் காணாதவற்றிலும் அதே பங்கையே சங்கத்தார் கண்டிருப்பர் எனில், அந்த 100-உடன் விடுபட்டவை 20 இருத்தல் வேண்டும். எனவே மொத்தம் ஏறத்தாழ 480.

சந்திரசேகரன் பின்னர், பம்பாய்ச் செம்பூர்ப் பகுதியில் 1956-இல் தொடங்கப்பெற்ற மக்கள்தொகைப் பயிற்சி ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக விளங்கினார். அந்நிலையமே இன்று தியோனாரில் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமாக வளர்ந்து, தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துகிறது. 2019-21-இல் நிகழ்ந்த ஐந்தாம் சுற்றில் 6,36,699 குடும்பங்களிடம் விவரம் பெறப்பட்டது. இவ்வளவு பெரிய தொகுதியை ஆராயக் கணினி இன்றியமையாதது.

ஆயினும் கணினி அறியாத ஒன்றுண்டு. மேற்கூறிய கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: ஒரு பட்டியலில் விடுபட்டவர் மற்றதிலும் விடுபடுவதற்குப் பொதுக் காரணம் எதுவும் இருத்தலாகாது. மாடியறையில் வாடகைக்கு வாழ்ந்து, விடியுமுன் கணவனும் மனைவியும் வேலைக்குப் புறப்படும் குடும்பம் இரு பட்டியலிலும் விடுபடுதல் எளிது. அத்தகையோர் பலராயின் 20 என்னும் விடை குறைவானதே. இதைத் தெருவை அறிந்தவரே உணர்வர். ஆகவே கணக்கிடும் திறன் அத்தெருவில் வாழ்வோர் கையிலும் இருத்தல் வேண்டும். பட்டியலில் இல்லாதவருக்குக் குடிநீரும் மருத்துவமும் பள்ளியும் யார் திட்டமிடுவார்?

இத்திறனைக் கற்கப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இஹாக்கா, ஜென்டில்மன் என்னும் இருவர் படைத்த ‘ஆர்’ என்னும் நிரல்மொழி 1995 முதல் கட்டற்ற மென்பொருளாக வழங்கி வருகிறது. எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கு அளிக்கலாம். மும்பை பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம், பத்து நிமிட அளவிலான கணினிப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. ஆர் மொழிக்கும் அதில் பாடங்கள் உள்ளன. பிற மென்பொருள்களுக்கான பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. திரையில் ஆங்கிலம், செவியில் தமிழ் என்பது அதன் முறை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இம்முறை பொருத்தமாகவே தோன்றுகிறது. கட்டளைச் சொற்களை உள்ளபடியே கற்றுக்கொள்ளலாம். ‘ஏன்’ என்னும் விளக்கமே தாய்மொழியில் வேண்டும்.

அவ்விளக்கத்தை அளிக்கக் கற்றவர் முன்வருதல் வேண்டும். பிழைப்புக்கு வந்த ஊரில் பிள்ளைகளின் கல்வியை எண்ணி, 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர் நம் முன்னோர். இன்று ஒரு கணினியும் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரமும் போதும். பம்பாயிலாயினும் தில்லியிலாயினும், நீங்கள் அறிந்ததை இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் தெருவின் பட்டியலையே முதற் பாடமாக வையுங்கள். கூட்டல் முடிந்ததும், “இதில் விடுபட்டவர் யார்?” என்று கேட்கப் பழக்குங்கள்.