பூட்டிக் கிடக்கும் வீடுகள்

பிரான்சிலே 'ஜீத்' என்றொரு வழக்கம் உண்டு. கமக்காரரின் பழைய கல்வீட்டைத் திருத்தி, சமையற்கட்டோடு வாரக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராமத்தார் பட்டினங்களுக்குப் பெயர, வீடுகள் பாழாகின. அவற்றைக் காக்கவும், எஞ்சிய கமக்காரர் கையில் நாலு காசு சேரவும் 1955இல் இதற்கென ஒரு சம்மேளனமே அமைத்தார்கள்.

திருகோணமலை டைக் வீதியால் நடக்கையில் எனக்கு இது நினைவுக்கு வரும். முன்னே வீதி, பின்னே கடல், நடுவே ஓட்டு வீடுகள். சில விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. சிலவற்றின் படலையில் பூட்டுத் தொங்குகிறது. உரித்துக்காரர் ஐந்து பேர் என்றால் ஐவரும் ஐந்து நாட்டில். ஆடி, ஆவணியில் பாரிசிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். தங்குவது உப்புவெளி ஹோட்டலில்! பாட்டன் வீட்டைப் படலைக்கு வெளியே நின்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஹோட்டலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே மீன் பொரித்தபடி கோப்பையில் வரும். சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்து, சொதிக்கு முதற்பால் எப்போது விடுவதென்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கும் வேலை இல்லை. வாடகை வீட்டின் சுகமே அந்த வேலைதான்.

திருத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீற் போடாதீர்கள். கச்சான் காலத்தில் உள்ளே அவிந்துபோவோம். விறாந்தையை அடைத்து அறையாக்காதீர்கள். மலசலகூடம் மட்டும் புதிதாக இருக்கட்டும். கிணற்றை இறைத்துப் பாருங்கள். 2004 ஆழிப்பேரலையில் கிழக்குக் கரையோரக் கிணறுகள் பல உப்பேறியவை. ஆனியில் ஆட்கள் வரவேண்டுமென்றால், வாடை மழை ஓய்ந்ததும் மாசியிலேயே ஓடு வேய்கிறவரைப் பிடித்துவிடுங்கள்.