நஞ்சு விசாரணை அறியாது

(சரவணையில் நடைபெற்ற கமக்காரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமக்கு முன் பேசிய இளைஞர் ஒரு கேள்வியை இம்மேடையில் வைத்துச் சென்றிருக்கிறார். "எங்களிடம் துப்பாக்கி இல்லை, வேலியடைக்கப் பணம் இல்லை, கடையில் கிடைப்பது கிருமிநாசினி ஒன்றுதான். வன்னியில் பன்றிக்கு வைப்பதை இங்கே கட்டாக்காலி மாட்டுக்கும் வைத்தால் என்ன?" என்றார். கைதட்டலும் எழுந்தது.

அக்கைதட்டலை நாம் குறைகூற வரவில்லை. மழை ஒன்றையே நம்பி விதைத்து, கடன்பட்டு உரமிட்டு, கதிர் முற்றும் வேளையில் ஓரிரவில் வயல் மிதிபட்டுக் கிடக்கக் கண்டவனின் நெஞ்சு எரியத்தான் செய்யும். ஆனால், கைதட்டல் தீர்ப்பாகாது. முதலில் வழக்கை விசாரிப்போம்.

எதிரிகள் இருவர்

குற்றஞ்சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றத் தமிழில் 'எதிரி' என்பர். இவ்வழக்கில் எதிரிகள் இருவர்.

முதலாம் எதிரி வன்னிக் காட்டுப்பன்றி. இத்தீவுப் பகுதியிலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றங்களுக்குச் சென்று கமஞ்செய்யும் நம் உறவினர், மரவள்ளியையும் கச்சானையும் நெல்லையும் அதனிடம் பறிகொடுக்கின்றனர். அது காட்டில் பிறந்தது. காட்டின் ஓரத்தை நாம் வயலாக்கினோம்; அது வயலுக்கு வந்தது.

இரண்டாம் எதிரி நம் ஊர்க் கட்டாக்காலி மாடு. அது காட்டில் பிறந்ததன்று. நம் பட்டியில் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் தீவுப் பகுதி மக்கள் உயிர்தப்பி ஓடிய நாளில், பசியால் சாகவேண்டாமென்று கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனோம். அம்மாடுகள் பெருகின. உரிமையாளர் இருந்தும், பகலில் பால் கறந்து இரவில் ஊரான் வயலில் மேயவிடப்படும் மாடுகளும் அவற்றோடு கலந்து திரிகின்றன. குற்றம் மாட்டினுடையதா, கயிற்றைக் கையில் வைத்திருக்கவேண்டியவனுடையதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

உலகம் கண்ட அனுபவம்

பன்றிக்கு நஞ்சு வைப்பதா என்ற வாதம் நம்மோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பன்றிகள் காட்டில் பெருகிப் பயிரழிக்கின்றன. அங்கு 2017 பெப்ரவரியில், 'வார்ஃபரின்' கலந்த தீனிக்கு அரசு வழிவிட்டது. மனிதருக்குக் குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தாகக் கொடுக்கப்படுவதும் அதே பொருள்தான். வேட்டைக்காரரும் இறைச்சி வணிகரும் நீதிமன்றம் சென்று தடை பெற்றனர். நஞ்சுண்ட பன்றியின் இறைச்சி யார் கலத்துக்குப் போகும் என்பதே அவர்களது அச்சம். ஏப்ரலில் உற்பத்தி நிறுவனமே பின்வாங்கியது. 2018இல் அதே மாநிலத்தில் வேறொரு நஞ்சைச் சோதித்தபோது, பன்றி சிதறிய தீனியைத் தின்று பறவைகள் மடிந்தன, சோதனை நிறுத்தப்பட்டது.

பாரமான மூடியிட்ட தீனிப்பெட்டியும் கண்காணிக்க அறிஞர் குழுவும் உள்ள நாட்டிலேயே இந்நிலை என்றால், வரம்போரத்தில் தவிட்டில் பிசைந்து வைக்கும் நஞ்சுக்கு யார் காவல்? பன்றிக்கென்று உணவில் மறைக்கும் வெடி, இந்நாட்டில் எத்தனை யானைக்குட்டிகளின் வாயைப் பிளந்திருக்கிறது! வைத்தவன் யானையை நினைத்து வைக்கவில்லை. ஆயினும் யானைதான் பட்டினி கிடந்து செத்தது.

நம் வீட்டிலும் கிணற்றிலும்

நஞ்சு வயலோடு நிற்பதில்லை. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். அவற்றிற் பெரும்பங்கு கிருமிநாசினியால் நேர்ந்தது. மிகக் கொடிய கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன; 2005இல் அத்தொகை பாதியளவாகக் குறைந்தது. நஞ்சு வீட்டில் இல்லாமற் போனதனாலேயே பிழைத்த தாயும் பிள்ளையும் எத்தனை ஆயிரம்! பன்றியின் பெயரால் அதை மீண்டும் வீட்டு இறப்பிற் செருகப் போகிறோமா?

இன்னொன்று. இத்தீவில் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் மழைநீர் ஒரு மெல்லிய படையாகக் கடல்நீரின்மீது மிதந்து நிற்கிறது. அதுவே நம் கிணறு. தரையிற் கொட்டியது எதுவும் அக்கல்லின் வெடிப்பு வழியே இறங்கும். மாட்டுக்கு வைத்த நஞ்சை நாம் துலாவிட்டு இறைத்துக் குடிக்கவேண்டி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறர் கால்நடையை நஞ்சிட்டுக் கொல்வது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். ஆனால், அதே சட்டம் கமக்காரனைக் கைவிடவில்லை. 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம், பயிர் மேய்ந்த மாட்டைப் பிடித்துவைக்கவும் உரிமையாளனிடம் நட்டஈடு பெறவும் வழிசெய்கிறது. அச்சட்டத்தை எடுத்து ஆள்வோர் இல்லாமையே நம் குறை.

கேரளம் 2022இல் வேறொரு வழி கண்டது. பயிரழிக்கும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சித் தலைவர்களிடமே கொடுத்தது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகிய மூன்றையும் விலக்கியது. கமக்காரனின் கண்ணீரையும் மதித்து, நஞ்சின் கேட்டையும் உணர்ந்த ஏற்பாடு அது.

நாம் செய்யவேண்டுவது

ஆகவே, நான்கு கோரிக்கைகளை இக்கூட்டம் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, சரவணை வயல்வெளியில் எவரும் நஞ்சு வைப்பதில்லை என நமக்கு நாமே கட்டுப்பாடு செய்துகொள்வது. இரண்டு, மாடு வைத்திருப்போர் அனைவரும் காதடையாளமிட்டுப் பதிவுசெய்வது. உரிமையாளரற்ற மாடுகளை வேலணைப் பிரதேச சபை பட்டியிலடைத்துப் பராமரிப்பது. மூன்று, தனித்தனி வேலிக்குச் செலவிடாமல், வயல்வெளி முழுவதற்கும் ஒரே சுற்றுவேலி அடைப்பது. கருக்கும் கிளுவையும் நம்மிடமே உண்டு, அரசு கம்பிக்கு உதவட்டும். நான்கு, வன்னியில் பன்றி பிடிக்கும் கூடுகளும் முறையான அனுமதியும், எவ்விலங்கு அழித்தாலும் வேறுபாடற்ற இழப்பீடும் வழங்குமாறு அரசை வற்புறுத்துவது.

இளைஞரே! கடையில் நஞ்சு ஒன்றுதான் கிடைக்கிறது என்றீர். அது உண்மை. வேலியும் காவலும் நட்டஈடும் கிடைக்காத இடத்தில் நஞ்சு மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே, அதுவே இந்த ஆட்சிமுறைமீது நாம் சாட்டும் குற்றம். அக்குற்றத்துக்குரிய தண்டனையை வாயில்லாச் சீவன்மீதும் நம் கிணற்றின்மீதும் சுமத்த வேண்டா. எந்த நீதிபதியும் எதிரி யாரென்று அறியாமல் மரணதண்டனை விதிப்பதில்லை. நஞ்சோ, வைத்தவனையும் அறியாது, உண்டவனையும் அறியாது.

கயிற்றை அவிழ்த்தவர் நாம். அதை மீண்டும் கட்டும் பொறுப்பும் நம்முடையதே.