முதல் வேலையும் முழுச் சம்பளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேச வல்லோர் பலர் உளர். நானோ பத்தாம் வகுப்போடு நின்றவன். இரயில்வேயில் சம்பளப் பட்டியல் எழுதும் எழுத்தன். ஆகவே, எனக்குத் தெரிந்த கணக்கையே பேச முற்படுகிறேன்.

நம் கரக்பூர்க் காலனிப் பிள்ளைகள் சிலர் இவ்வாண்டு முதன்முதலாக வேலைக்குச் செல்கின்றனர். “மாதம் 30,000 ரூபாய்” என்று அன்னையர் பூரிக்கின்றனர். ஆனால், அத்தொகை அப்படியே கைக்கு வராது. ஆண்டுக்கு 3,60,000 என்று கடிதத்தில் காண்பது, கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று கொள்வோம். கம்பெனி செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 12 விழுக்காடு, 1,800 ரூபாய். பணிக்கொடைக்கென ஒதுக்குவது ஏறக்குறைய 720 ரூபாய். இவ்விரண்டும் அந்த 30,000-க்குள் அடங்கியவையே. பிள்ளையின் பங்காக மேலும் 1,800 பிடிப்பார்கள். எஞ்சுவது சுமார் 25,700. வரியும் காப்பீட்டுக் கட்டணமும் இருப்பின் இன்னும் குறையும்.

இதனால் ஏமாந்துவிட்டோம் என்று எண்ணற்க. பிடிப்பதெல்லாம் இழப்பன்று. வைப்பு நிதி உங்கள் பணமே. கம்பெனி தரும் 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. அதில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். வேலை மாறும்போது பணத்தை எடுத்துச் செலவழித்தால், சேர்ந்த ஆண்டுகளும் அறுந்துபோகும். பழைய கணக்கைப் புதிய இடத்திற்கு மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல், பத்தொன்பதாம் வயதில், ஒரு தனியார் ஆலை அலுவலகத்தில் சேர்ந்தேன். நான்கு ஆண்டு மூன்று மாதம் ஆனபோது, வேறோர் இடத்தில் 300 ரூபாய் அதிகம் என்று கேட்டு விலகினேன். ஐந்தாண்டு நிறைந்தால் பணிக்கொடை உண்டென்பதை நான் அறியேன். என் அடிப்படைச் சம்பளம் 2,600. ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என ஐந்தாண்டிற்கு 7,500 ரூபாய் வந்திருக்கும். ஒன்பது மாதத்தில் 2,700 கூடுதலாகப் பெற, 7,500-ஐ விட்டேன். அவ்வாண்டே தந்தையார் நோயுற்றார். வட்டிக்குக் கடன் வாங்கினேன்.

பின்னர் 2006-இல் இரயில்வேக்கு வந்தேன். 1-1-2004-க்கு முன் சேர்ந்த நண்பருக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. பக்கத்து நாற்காலியில் அதே வேலை செய்யும் எனக்கு அது இல்லை. சேர்ந்த நாள் ஒன்றே வேறுபாடு. சலுகை என்பது சம்பளத்தைப் போலவே எண்ணிப் பார்க்கத்தக்கது என்பதை அந்நாற்காலி எனக்கு நாள்தோறும் நினைவூட்டுகிறது.

ஆகவே இளைஞர்களே, கையொப்பமிடுமுன் மூன்று கேளுங்கள். மாத முடிவில் கைக்கு வருவது எவ்வளவு? மருத்துவக் காப்பீடு பெற்றோரையும் சேர்த்ததா, ஊரிலுள்ள தாத்தா பாட்டியின் மருத்துவமனையில் செல்லுமா, வேலையை விட்டால் அன்றே நின்றுவிடுமா? பணிக்கொடைக்கு எத்தனை ஆண்டு? குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்வோர்க்கு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஓராண்டு போதும்; மற்றையோர்க்கு ஐந்தாண்டு.

கேட்பதற்குக் கூச வேண்டா. கேட்பவனை வேலை தெரியாதவன் என்று எவரும் எண்ணார். கடிதம் விளங்காவிடில் ஞாயிறு காலை என் குவார்ட்டர்சுக்கு எடுத்து வாருங்கள். காபி குடித்துக்கொண்டே இருவரும் கணக்குப் பார்ப்போம். எனக்கு அன்று அப்படி ஒருவர் இல்லை.