வெள்ளத்துக்குக் காத்திருந்த மூலதனம்

நிலக்கரிச் சுரங்கம் என்றதும் இருளும் தீயும் மண்சரிவுமே எவர்க்கும் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் வங்காளத்து இராணிகஞ்ச் சுரங்கத்தின் உடைமையாளர்களைக் கலங்கச் செய்தவை இவையல்ல, கடன்களே.

1815ஆம் ஆண்டளவில் வில்லியம் யோன்ஸ் என்னும் ஆங்கிலேயர், அரசாங்கத்திடம் 40,000 ரூபா கடன் பெற்று அங்கே சுரங்கம் தோண்டினார். கரி கிடைத்தது. ஆயினும் அதனை வாங்குவோர் நூறு மைலுக்கப்பால் கல்கத்தாவில் இருந்தனர். கரியைக் கொண்டுசெல்லத் தாமோதர நதியே வழி. அந்நதியோ மழைக்காலத்திற் பெருகும். கோடையில் மணற்பரப்பாய்க் கிடக்கும். ஆதலின் வெட்டிய கரியைக் கரையிற் குவித்துவைத்து, வெள்ளம் வந்த பின்னரே படகேற்றினர். கூலி மாதந்தோறும் வேண்டும், வருவாயோ ஆண்டுக்கொருமுறை. விதைத்த கமக்காரனும் அறுவடைக்குக் காத்திருப்பவனே. ஆனால் விலை போகாத நெல்லை அவன் உண்ணலாம், கரியை எவர் உண்பார்?

யோன்ஸினாற் கடனைத் தீர்க்க முடியவில்லை. சுரங்கம் அலெக்சாந்தர் கம்பனியின் கைக்கு மாறிற்று. 1832இல் அக்கம்பனியும் முறிந்தது. 1836இல் 70,000 ரூபாவுக்கு அதனை வாங்கியவர் துவாரகாநாத் தாகூர், கவிஞர் இரவீந்திரநாதரின் பாட்டனார்.

துவாரகாநாதர் காத்திருக்க வல்லவர். அவருக்குப் பரந்த நிலங்கள் இருந்தன. 1834இல் வில்லியம் கார் என்பவருடன் சேர்ந்து தொடங்கிய வணிகக் கம்பனி இருந்தது. 1829இல் தாமும் முன்னின்று நிறுவிய யூனியன் வங்கியும் இருந்தது. கங்கையில் ஓடத் தொடங்கிய நீராவிக் கப்பல்களுக்குக் கரி தேவைப்பட்டது. அயலில் வெட்டிய போட்டிக் கம்பனியுடன் வழக்காடிக் களைத்தபின், 1843இல் இரண்டும் இணைந்து வங்காள நிலக்கரிக் கம்பனியாயின.

இங்கேதான் வலிமையுள் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கடன் கொடுக்கும் வங்கியிற் செல்வாக்குடையவரே கடன் பெறும் கம்பனியின் தலைவராயும் இருந்தால், போதும் என்று சொல்பவர் யார்? அவுரி வணிகத்திலும் வங்கியின் பணம் பெருமளவிற் புதைந்தது. துவாரகாநாதர் இவ்வபாயத்தை அறியாதவரல்லர். 1840இலேயே தம் நிலங்கள் சிலவற்றைப் புதல்வர்க்கென நம்பிக்கைப் பொறுப்பில் எழுதி, கடன்காரர் கைக்கு எட்டாதபடி செய்திருந்தார். தம் வீட்டுக்குக் கட்டிய அணையை, வங்கியிற் பணம் வைத்தோருக்கு அவர் கட்டவில்லை.

1846இல் அவர் இலண்டனிற் காலமானார். 1848 தொடக்கத்தில் வங்கியும் கம்பனியும் ஒருங்கே வீழ்ந்தன. மூத்த புதல்வர் தேவேந்திரநாதர், சட்டம் காத்துநின்ற நிலங்களையும் கடன்காரர் முன் வைத்தார். பல்லாண்டுகள் சிக்கனமாய் வாழ்ந்து கடனை அடைத்தார்.

சுரங்கமோ அழியவில்லை. 1855இல் இராணிகஞ்சுக்குப் புகையிரதம் வந்தது. கரி வெள்ளத்துக்குக் காத்திருக்கும் காலம் முடிந்தது. ஆனால் அதற்குள், அக்காத்திருப்பின் செலவைத் தாங்கிய கம்பனி இல்லாமற் போயிருந்தது.