தெரிந்தே சொன்ன பொய்



"பூமி சூடாவது நிஜம்தானா? விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் தகராறாமே!" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கேட்பவர் மீது எனக்குக் கோபமில்லை. இந்தச் சந்தேகத்தைக் காசு கொடுத்துக் கிளப்பிவிட்டவர்கள் மீதுதான் கோபம்.

1977-ல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் பூமியின் வெப்பம் ஏறும் என்று தன் மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார். பின்னால் அந்த நிறுவனத்து விஞ்ஞானிகள் போட்ட கணக்குகளில் பெரும்பாலானவை நடந்த வெப்ப உயர்வோடு பொருந்துவதை 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. சொந்த ஆட்களே சொல்லியிருக்கிறார்கள்! ஊருக்குச் சொன்னார்களா? 1989-ல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் கம்பெனிகள் கூடி ஒரு கூட்டணி அமைத்தன. எக்ஸானும் அதில் இருந்தது. இன்னும் நிரூபணமாகவில்லை, அவசரப்படாதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் ஓதின. நமக்கு நஷ்டமான ஆண்டுகள் அவர்களுக்கு லாபமான ஆண்டுகள்.

பொய் அதோடு ஓயவில்லை. 2021 பிப்ரவரி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பனிப்புயல். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது. அரசுக் கணக்கிலேயே 246 பேர் மாண்டார்கள். வீடுகளில் மீண்டும் விளக்கு எரியும் முன்பே, காற்றாலைகள் நின்றதுதான் காரணம் என்று மாநில ஆளுநரே தொலைக்காட்சியில் பழி போட்டார். காற்றாலைகள் சில உறைந்தது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால், முடங்கியதில் பெரும்பகுதி எரிவாயு மின்நிலையங்கள் என்று பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அறிக்கை வருவதற்குள் பொய் எத்தனை கைபேசிகளைச் சுற்றி வந்திருக்கும்! அதே டெக்சாஸ்தான் அமெரிக்காவிலேயே காற்றிலிருந்து அதிக மின்சாரம் எடுக்கும் மாநிலம்.

2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப், பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா மறுபடி விலகும் என்று கையெழுத்திட்டார். "வல்லரசே விலகும்போது நமக்கென்ன?" என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். நடுப்பகல் வெயிலில் சாரத்தின் மேல் நின்று செங்கல் அடுக்குகிறாரே கொத்தனார், அவரிடம் போய்க் கேளுங்கள்!

எதிர்ப்பைக் கண்டு ஓய்ந்தால் காரியம் நடக்காது. ஓசோன் படலத்தை அரிக்கும் வாயுக்களைத் தடுக்கப் போனபோதும் தொழில் அழியும் என்று கம்பெனிகள் கூச்சலிட்டன. 1987-ல் மாண்ட்ரியல் உடன்பாடு வந்தது. தொழிலும் அழியவில்லை, ஓசோன் படலமும் தேறிவருகிறது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், இதனால் யாருக்கு லாபம் என்று கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நிறுத்திக் கேளுங்கள்: வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் உன் திட்டம் என்ன? எந்த ஆண்டுக்குள் செய்வாய்? பதில் இல்லாதவருக்கு உங்கள் ஓட்டைத் தராதீர்கள்!